கேசரி தீர்ந்துபோன ஓட்டல்

அன்பு மாமாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் களம்பூரில் ஒரு கல்யாணப் பந்தி. பரிமாற வந்தவர் என் இலையில் கேசரி வைத்ததும், "எடுய்யா இத!" என்று கத்திவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்: "இன்னும் அந்தப் பெரணமல்லூர்க்காரிய நெனச்சிகினு கீறீங்களா? மானம் போவுது."

எல்லாம் உங்களால்தான்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊர் உங்களைத் தெய்வமாக்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீங்கள் நடத்திய ஓட்டலில்தான் ஆரணிக் கல்யாணங்களில் பாதி முடிந்ததாம். பட்டு எடுக்க வந்த சாக்கில் பெண் வீட்டார் ஒரு மேஜையில். டிபன் சாப்பிட வந்த சாக்கில் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மேஜையில். யாரும் வாய் திறந்து சம்மதம் சொல்லக் கூடாது. பெண்ணின் அப்பா கேசரி கேட்டால் சரி. வெறும் காபியோடு எழுந்தால் வேண்டாம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் நீங்கள்.

சட்டம் போட்டவருக்குக் கேசரி கிண்டி வைக்கத் துப்பு வேண்டாமா?

தொண்ணூறுகளில் ஒரு வைகாசி. புதுச் சட்டையில் சாம்பார் படாமல் இட்லி தின்றுகொண்டிருந்தேன். எதிர் மேஜையில் அந்தப் பெரணமல்லூர்ப் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் மூக்கில் சட்னி ஒட்டியிருந்திருக்கலாம். இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே? அவள் அப்பா கல்லாப் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்:

"கேசரி தீந்துபோச்சுங்க! காபி குடுக்கட்டுமா?"

அவர் தலையாட்டினார். குடித்தார்கள். போய்விட்டார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கெஞ்சினேன்: "ம்மா, கேசரி இல்லாததாலதான் காபி குடிச்சாங்க. போய் ஒரு வார்த்தை கேளேன்."

"காபி குடிச்சிட்டாங்கடா. இனிமே போய்க் கேட்டா நமக்கு இன்னா மரியாதை?"

நீங்களோ கல்லாவில் சாய்ந்தபடி, "வேற பொண்ணு பாக்கலாம் மாப்ள, ஊர்ல பொண்ணா இல்ல?" என்றீர்கள். பொண்ணு இருந்தது மாமா. ரவைதான் இல்லை.

இப்போது உங்கள் ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. கல்லா இருந்த மூலையில் ஒரு பையன் ரீசார்ஜ் செய்கிறான். அடுத்த ஞாயிறு உங்கள் படத்திறப்பு. என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதைப் பேசுவது? முகம் கழுவும் பதத்தில் இருந்த உங்கள் சாம்பாரையா? நாலு பேர் மத்தியில் "தீந்துபோச்சு" என்று சத்தம் போட்டு எனக்கு முடித்துவைத்த அந்தக் கல்யாணத்தையா?

ஒன்று மட்டும் உறுதி. மேடையில் எவன் உங்களை "நூறு கல்யாணம் முடித்தவர்" என்றாலும், "ஒன்றைக் கெடுத்தவர்" என்று எழுந்து சொல்லாமல் விடமாட்டேன்.

கோபம் தீராத,
உங்கள் தங்கச்சி மகன்

பி.கு.: இதை உங்கள் சமையல் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணோட அப்பா மொதல்லயே சமையக்கட்டுக்கு வந்து, பையன் வேணாம்னு சொல்லிட்டாரு சார். பையன் மூஞ்சி வாடிடும், தீந்துபோச்சுன்னு நானே சொல்லிக்கறேன்னாரு உங்க மாமா. கேசரி ஒரு தட்டு மீந்து, நான்தான் தின்னேன்."