ஜன்னலோர பேசின்

ஆஸ்பத்திரியிலிருந்து,
வெள்ளி காலை

அன்புள்ள டெபோரா,

வேண்டாம், டிக்கெட் போடாதே. அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. நாங்கள் நலம், நீயும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு மேலே போகலாம்தான். ஆனால் பத்து நாளாக எனக்கு நலம் என்பது தெர்மாமீட்டரில் தெரியும் ஒரு எண். இன்று தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஆபரேஷன் நன்றாக முடிந்தவருக்கு இந்தக் கிருமி எப்படி வந்தது என்று செவ்வாய்க்கிழமை போனில் கேட்டாய். நெட்வொர்க் சரியில்லை என்றேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அப்பாவுக்குத் தொடையில் கம்பி வைத்தது வரை உனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் தையலில் சீழ். சீழைச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் பதினான்கு மருந்துகளின் பெயர், பன்னிரண்டுக்கு நேராக R. அந்த மருந்துகளுக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். உனக்குப் போய் நான் அர்த்தம் சொல்கிறேன். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள், ஒரே பக்கத்தில் இவ்வளவு தப்பைப் பார்த்ததில்லை. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று சிறுநீரகத்தைப் பிடிக்குமாம். இன்னொன்றைத்தான் ஏற்றுகிறார்கள். அது கேட்கிறது.

படுக்கைக்கு நாலடியில், ஜன்னலோரம் ஒரு பேசின். மேலே ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர், கை கழுவ மட்டும் என்று. பாத்திரம் கழுவும் குழாய் வராண்டாக் கோடியில். போய் வருவதற்குள் அப்பா தானாக எழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். முதல் நாளே கஞ்சி மிச்சத்தை அந்தப் பேசினில் ஊற்றினேன், தூக்குச்சட்டியையும் அதிலேயே கழுவினேன். அடுத்த படுக்கையில் ரங்கன், கோவளம் பக்கத்து மீனவர், படகைக் கரை ஏற்றும்போது கால் நசுங்கிவிட்டது. அவர் மனைவி அங்காளம்மா கோடிக் குழாய்க்குத்தான் நடந்துகொண்டிருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். ஏன் அவ்வளவு தூரம், இங்கேயே அலசுங்க என்றேன். அவள் ஸ்டிக்கரைக் காட்டி, “இன்னாவோ எழுதிகீதே டீச்சரம்மா” என்றாள். அதெல்லாம் சும்மா என்றேன்.

சத்யப்ரியா என்று ஒரு நர்ஸ், கிருமி ஆராய்ச்சிக்காக வார்டு வார்டாக மாதிரி எடுப்பவள். கட்டில் கம்பி, எங்கள் கைகள், பேசின் ஓட்டை எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள். அப்பாவின் புண்ணில் இருக்கிற அதே வகை அந்தப் பேசினின் கழிவுக் குழாய்க்குள் வழவழவென்று படலமாக ஒட்டியிருக்கிறது, யாரோ அதற்குச் சாப்பாடு போடுகிறார்கள், தண்ணீரைத் திறந்தால் சுற்றிலும் தெறிக்கிறது. யார் என்று கேட்டாள். வார்டே அங்காளம்மாவைப் பார்த்தது. “மீன் அலசற கை, வேற எப்படி இருக்கும்” என்று பின்னால் யாரோ. அங்காளம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூட இருப்பவருக்கான பாஸை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வார்டு சூப்பர்வைசர் வெளியே அனுப்பினார்.

அன்று பகல் முழுக்கத் துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். சொன்னால் என் பாஸும் போகும், அப்பா என் கையால் கொடுத்தால்தான் மாத்திரை விழுங்குவார். நல்ல காரணம். உண்மையான காரணம் அது இல்லை. எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், அதுதான். ரங்கன் சாப்பாட்டைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மூன்று வருடம் முன்பு நீ, ஆஸ்பத்திரிக் குழாய் அழுக்கைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பார்க்கிறேன் அம்மா என்றாய். இதற்கா அவ்வளவு தூரம் போனாய் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியதை நீ சொல்லித்தான் இருந்தாய்.

புதன் காலை சத்யப்ரியாவிடம் போய், ஊற்றியது நான், அங்காளம்மாவைக் கூப்பிட்டதும் நான் என்றேன். “ஒரு வாரமா இதத்தான் டீச்சர் கேட்டுட்டிருக்கேன், எல்லாரும் அடுத்த பெட்டக் காட்றாங்க” என்றாள். அப்பாவுக்கு என்னால்தான் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். பொய் ஆறுதல் சொல்லாததால் அவளை எனக்குப் பிடித்துவிட்டது. என் பாஸைப் பிடுங்கவில்லை. மத்தியானம் அங்காளம்மாவுக்கு அவளுடையது திரும்பி வந்தது. என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நான் சொன்னா எவன் நம்புவான். நீயே சொன்னாதான் உண்டு. ஒரு நா லேட்டு, அத்த வுடு” என்றாள். ரங்கன் அன்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டார். அப்பாவிடமும் சொன்னேன். “உன் கஞ்சி கிருமிக்காவது புடிச்சிருக்கே” என்றார். உன் படிப்பைப் பற்றி அங்காளம்மாவிடம் பேச்சு வந்தது. “சாக்கடய பாக்க சீமைக்கு அனுப்புனியா, எங்க தெருவுக்கு வந்தா சும்மாவே காட்டுவேனே” என்றாள். தொடையைப் பிடித்துக்கொண்டு அப்பா சிரித்தார்.

நேற்று பழைய பேசினைக் கழற்றி, குழாயை அறுத்துப் பையில் கட்டி லேபுக்கு எடுத்துப் போனார்கள். உன் தம்பி காலேப், வராண்டாக் கோடியில் பாத்திரம் கழுவ ஒரு ஸ்டீல் தொட்டி திருமுடிவாக்கத்தில் தன் பட்டறையிலேயே செய்து தருகிறேன் என்று அளவெடுத்துப் போயிருக்கிறான். மாலையே வைத்த புதுப் பேசினுக்குத் தமிழ் அறிவிப்பு எழுதும் வேலை எனக்கு. மூன்று தடவை எழுதினேன். கை மட்டும் கழுவுங்கள், கஞ்சி, டீ, குளுக்கோஸ் எதையும் ஊற்றாதீர்கள், ஏன் என்று ஆறாம் படுக்கை டீச்சரைக் கேளுங்கள். கடைசி வரி வேண்டாமே என்றாள் சத்யப்ரியா. இருக்கட்டும் என்றேன். இதுவரை நாலு பேர் வந்து கேட்டுவிட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கண்ணாடிக் குழாயில் என்ன தெரிகிறது என்று இனி எனக்கு விவரமாக எழுது, சிரிக்க மாட்டேன். நாங்கள் இருவரும் உன் தலையில் கை வைத்து ஜெபித்ததாக நினைத்துக்கொள். கழுவிய கைதான்.

உன் அம்மா,
ரத்தினபாய்

இவ்வளவும் எழுதியபின் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அங்காளம்மாவோடு வராண்டாக் கோடிக் குழாய்க்குப் போனேன். எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு அடி. கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறார். காலேப் வந்ததும் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.