நீ மறைத்து மழித்த முகம்

மகள் குளித்துவிட்டுப் போன குளியலறையில் இன்று காலை முடி நீக்கும் கிரீமின் வாடை நின்றது. எத்தனை வாசனை கலந்தாலும் அடியில் கிடக்கும் அந்தக் கருகல் நெடி. துண்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

சத்தியவேட்டில் புதிதாக வந்த கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பெண்கள் நாம். ஒரே அறை. மற்றவர்கள் எழுவதற்கு முன்பே நீ குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாய். ஒருநாள் தாழ் சரியாக விழவில்லை. நான் கதவைத் தள்ளியபோது உன் தாடையில் சோப்பு நுரை, கையில் ரேசர். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ரேசர் பட்டால் இன்னும் அடர்த்தியாக வளரும் என்று உன் அம்மா பயமுறுத்தியிருந்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வழிகளைத் தேடினோம். கிரீம் உன் கால்களுக்கு ஒத்துக்கொண்டது, மோவாயைப் புண்ணாக்கிவிட்டது. சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சித் தடவி இழுத்தோம். முடியோடு தோலும் வந்தது. நூலால் நானே எடுத்துவிட்டேன். ஒரு வாரம் மழமழவென்று இருந்தது, ஆனால் வலி தாங்காமல் நீ கிள்ளியதில் என் தொடை கன்றிப்போனது. கஸ்தூரி மஞ்சள் தலையணை உறையை மஞ்சளாக்கியதோடு சரி.

கடைசியில் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். உடம்புக்குள் சுரப்பதில் கோளாறு என்று மாத்திரை எழுதினார். மழிப்பதால் முடி அடர்த்தியாகாது என்றும் சொன்னார். "இத்தினி நாளு வீணா பயந்துக்கினு இருந்தேன் பாரு" என்று பஸ்ஸில் சொன்னாய். ரேசருக்கே திரும்பினாய். தாழ் போடுவதை மட்டும் விடவில்லை.

கல்யாணமாகி நாயுடுபேட்டைக்குப் போன பிறகும் அப்படித்தான். உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தாய்.

பிறகு நோய் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கை தூக்க முடியாமல் கிடந்தாய். "அவரு வர்றதுக்குள்ள பண்ணிடுடி" என்றாய். பாதி மழித்திருந்தபோது அவர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்துவிட்டார். நீ போர்வையை முகத்துக்கு இழுக்கப் பார்த்தாய், கை வரவில்லை.

"எனக்குத் தெரியும், விடு" என்றார். "கல்யாணமான புதுசுலயே தெரியும். நீ பாத்ரூம்லேர்ந்து வர்ற வரைக்கும் தூங்கற மாதிரி படுத்துக்கினு இருப்பேன்."

"ஏன் சொல்லல?"

"நீ மறைக்கிறியே, நான் எப்படிச் சொல்றது?"

அன்றுதான் நீ அழுது பார்த்தேன். மறுநாளிலிருந்து அவரே மழித்துவிட்டார். "மேல பாரு" என்பார். நீ கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுப்பாய்.

நீ போன அன்று ஊர்ப் பெண்கள் தண்ணீரும் மஞ்சளுமாகக் காத்திருந்தார்கள். அவர் ரேசரை எடுத்து வந்தார். உன் தாடை வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "என்னால ஆகலம்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்.

குளிர்ந்திருந்த உன் தோலில் ஒரு கீறல்கூட விழாமல் மெதுவாக மழித்தேன். வெளியே யாரோ நேரமாகிறது என்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது:

"இருங்க, அவ கிளம்பிக்கினு இருக்கா."