மலைப்பேயின் சிரிப்பு

12.8.1961, சனிக்கிழமை. மாத்தளை.

இடுப்பில் யார் கை பட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மலைப்பேய் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் குஸ்தி போடுகிறவன் இதை வெளியே சொல்ல முடியுமா? என்னோடு மோதுகிற காதருக்கு மட்டும் தெரியும். அதனால் அவன் எப்போதும் என் கழுத்தைத்தான் பிடிப்பான்.

இன்றைக்குக் கழுத்தில் எண்ணெய் கூடிவிட்டது. மேடையில் அவன் கை வழுக்கி நேரே இடுப்புக்கு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். சண்டை பேசி வைத்தது என்று சனத்துக்குத் தெரிந்தால் கண்டிக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று முதலாளி முன்னமே சொல்லியிருந்தார். போச்சு பிழைப்பு என்று நினைத்தேன்.

முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழும்பிக் கத்தினாள். "அடி வாங்கிக்கிட்டே சிரிக்கிறான் பாருங்க! இவன் மனுசனே இல்ல!"

சனம் கொதித்துப்போனது. செருப்புகள் பறந்து வந்தன. ஒன்று என் அளவுதான், சோடி கிடைக்கவில்லை.

முடிந்ததும் முதலாளி ஓடி வந்து என் தோளைத் தட்டினார். "கண்டியிலயும் இதே சிரிப்பு வேணும்!"

காதர் முகம் தொங்கிப்போனது. "அண்ணே, நான் குஸ்தி பழகினது கிச்சுக்கிச்சு மூட்டவா?"

"கவலப்படாத தம்பி, நகத்த மட்டும் வெட்டிட்டு வா" என்றேன்.

வீட்டில் என் பெண்சாதி செல்லம்மாவிடம் சொன்னேன். "எங்க, நானும் பாக்கிறேன்" என்று என் இடுப்பைத் தொட்டாள். நான் துள்ளி மோதியதில் கதவு பெயர்ந்து வெளியே விழுந்தது. இப்போது வாசலில் பாயைக் கட்டி மறைத்திருக்கிறோம். படுக்கப் பாய் இல்லை.