பெட்டிக்கு அந்தப் பக்கம்

கம்பவுண்டர் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். 'கர்த்தருக்குள் அன்பான' என்று தொடங்குவதுதான் நம் சபையார் வழக்கம். அந்த 'அன்பான'வை எழுதுவதும் அடிப்பதுமாக இரண்டு தாள் வீணாகி, கடைசியில் இப்படித் தொடங்கியிருக்கிறேன். தோள் அறுவை சிகிச்சை முடிந்ததா? மகள் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று கேள்விப்பட்டேன். நானாக விசாரிக்கவில்லை. நம் சபை டெய்லர் சொன்னார். யாரும் கேட்காவிட்டாலும் அவர் சொல்வார்.

உங்கள் வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

என் மனத்தாங்கலை முதலில் எழுதிவிடுகிறேன். சபைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் தேடியபோது ஆசிரியர் வரிசையில் அடுத்து நான் இருந்தேன். படிப்பிலும் குறைவில்லை. கமிட்டியில் எனக்காகப் பேச நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. "பாடம் நல்லா நடத்துவான். ஆனா அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைங்க நடுங்குது. அவன் கையில பள்ளிக்கூடத்தைக் குடுக்காதீங்க" என்று நீங்கள் சொன்னது தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு என் காதில் ஒரு கோளாறும் இல்லை. சொன்னது சரியா தப்பா என்பதல்ல என் வழக்கு. அதைச் சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா? அன்றோடு 'மச்சான்' போய் 'கம்பவுண்டர்' வந்தது. 'நீ' போய் 'நீங்கள்' வந்தது.

பிறகு இந்தப் புதுப் போதகர் வந்தார். ஆளில்லாமல் இறந்தவர்களைச் சபையே சுமந்துபோய் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். நல்ல ஊழியம், நானும் பெயர் கொடுத்தேன். முதல் நாளே முன்வரிசையில், பெட்டிக்கு இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் உங்களையும் நிறுத்தினார். வேறு யாரையாவது போடுங்கள் என்று நான் முணுமுணுத்ததற்கு, "உயரம் பார்த்துத்தான் ஐயா நிக்கணும், உறவு பார்த்தா நிக்க முடியும்?" என்றார். பின்னாலிருந்து டெய்லர், "ரெண்டு ஒட்டகமும் முன்னால போகட்டும்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நடை மட்டும் நமக்கு ஒருநாளும் பிசகவில்லை. பெட்டி நடுவில் இருப்பதால் முகம் தெரியாது. மரத்தில் காது உரசும். அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது இந்தப் பக்கம் கேட்கும். தோள் கடுத்தால் யாராவது ஒருவர் "மாத்திக்கோ" என்பார். எல்லோரும் நிற்போம், இறக்குவோம், பக்கம் மாறித் தூக்குவோம். அங்கே மரியாதை கிடையாது, போதகருக்கும் அதே "மாத்திக்கோ"தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இல்லத்து அம்மாளைச் சுமந்துபோன நாள் நினைவிருக்கும். நல்ல மழை. மேட்டில் ஏறும்போது பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ ஒரு சொல் சொன்னாய். (நீங்கள் என்று திருத்த வேண்டும். தாள் தீர்ந்துவிட்டது, கிடக்கட்டும்.) என் காதில் விழுந்தது "மன்னிச்சுக்கோ" என்று. என் கால் நின்றுவிட்டது. நான் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். ஒருவேளை "மாத்திக்கோ" என்றுதான் சொன்னாயோ என்று பெட்டியை இறக்கினேன். உடனே டெய்லர், "யாரு மாத்தச் சொன்னது? இப்பதானே கீழ கேட் பக்கத்துல மாத்தினோம்?" என்று கத்தினார்.

பக்கம் மாறும்போது பெட்டி முனையில் நேருக்கு நேர் வந்தோம். உன் முகம் நனைந்திருந்தது. மழையில் யார் முகம்தான் நனையவில்லை? தூக்கினோம், போனோம். அடுத்த வாரம் நீ ஊரிலேயே இல்லை.

அன்றிலிருந்து இதே யோசனைதான். இப்போதுதான் மாற்றினோம் என்றால், நீ ஏன் மறுபடி மாற்றச் சொல்லப்போகிறாய்? அப்படியானால் அது மன்னிப்புதான். ஆனால் உனக்குத் தோளில் வலி. வலி இருக்கிறவன் அடுத்த அடியிலேயே கேட்பான். அப்படியானால் அது வெறும் தோள். மன்னிப்பு என்றால், பதில் சொல்ல முடியாத இடமாகப் பார்த்து, இறந்துபோன ஓர் அம்மாளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டா கேட்பாய்? அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் நீ கேட்டது அதுதான் என்றால், நான் கொடுத்த பதில் பெட்டியைக் கீழே வைத்தது. நான் மறுத்துவிட்டதாக நினைத்துத்தான் வீட்டை வாடகைக்கு விடுகிறாயா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆராதனையில் ஜெபம் சொல்லும்போது மன்னிப்பு என்ற இடம் வந்தால் என் தோள் தானாக அசைகிறது. பக்கத்தில் நிற்பவர் தள்ளி நிற்கிறார்.

வீட்டுக்காரி, "போன் போட்டுக் கேளுங்களேன், அவர் என்ன உங்களைக் கடிச்சா தின்னப்போறார்?" என்கிறாள். போனிலும் தப்பாகக் கேட்டால் என்ன செய்வது? இன்னொரு தடவை இந்தக் காதை நான் நம்பத் தயாரில்லை.

உன் இடத்தில் இப்போது வேன் டிரைவர் நிற்கிறார். குள்ளம். தோளில் போர்வையை மடித்து வைத்தார்கள், அது பாதி வழியில் நழுவிவிட்டது. பெட்டி அவர் பக்கம் சரிந்து பாரம் முழுவதும் என் கழுத்தில் இறங்கியது. "ஒத்த ஒட்டகம் ஊழியத்துக்கு ஆகாது" என்கிறார் டெய்லர்.

பதில் எழுத வேண்டாம். தோள் ஆறட்டும். ஆறியதும் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு வந்து, எனக்கு எதிர்ப்பக்கம் நில். சுமக்க முடியாவிட்டாலும் சும்மா கூட நட. கமிட்டியில் நீ பேசியதை நான் மறக்கவில்லை, மறப்பேன் என்று வாக்கும் தரமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல், எதுவாக இருந்தாலும். இந்த முறை நின்று கேட்கிறேன். ஆண்டவர் உன் தோளைத் தாங்குவாராக.

கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். கமிட்டியையும் ஒட்டகத்தையும் எழுதிவிட்டுப் பெயரை மறைக்கிறானே என்று சிரிப்பாய். சிரி. நீ சொன்னது "மாத்திக்கோ" என்றால் இது யாரோ ஒருவன் எழுதியது, கிழித்துப் போட்டுவிடு. மற்றது என்றால், கீழே என்ன பெயர் போடுவது என்பதை நீதான் சொல்ல வேண்டும். மச்சான் என்று போட எனக்கு இன்னும் கை வரவில்லை.