ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல்

போர்ட்லாந்து, ஒரிகன்
12.02.2023

அன்பின் சிவரூபிக்கு,

போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீரும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் கந்தோர் எனக்கு ஒரு நல்ல வேலை தந்திருக்கிறது. எட்வின் ஹாலோவே என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பழைய வீடுகளை அளந்து வரைய வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் நியூயோர்க்கில் ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டும் அவர் போகவில்லை. "இந்த மழையில் நனையாதவன் இந்த ஊருக்கு வீடு கட்டக்கூடாது" என்றாராம். மற்றவர்கள் ஐரோப்பிய மாளிகைகளைப் பார்த்துக் கட்டிய காலத்தில், இவர் இங்கத்தைய காட்டு மரத்துக்கு வர்ணம்கூடப் பூசாமல், தாழ்வாரத்தை அகலமாக இறக்கி, மழைக்கென்றே வீடு கட்டினார்.

அவரை நினைத்துக்கொண்டுதான் எங்கள் காணிக்கு வீடு வரைந்தேன். படம் இத்துடன் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று நேரே உள்ளே வரும். ஒரு கோட்டையும் மாற்ற வேண்டாமென்று மேசன் ரூபனிடம் சொல்லும்.

அன்புடன்,
பிரதீபன்

முள்ளியவளை
20.03.2023

பிரேமிளாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். படம் வடிவாக இருக்கிறது. ரூபன் அண்ணையும் பார்த்துவிட்டு, "காத்துக்குக் குறைவில்லாத வீடு, தங்கச்சி" என்றார்.

ஆனால் படுக்கிற அறைகளுக்கு ஒவ்வொரு வாசல்தான் வைத்திருக்கிறீர்கள். இடம்பெயர்ந்த காலத்தில், ஷெல் விழுந்து வாசல் மூடுண்ட பள்ளிக்கூட அறைக்குள் நானும் அம்மாவும் கிடந்ததைக் கலியாணமான புதிதிலேயே உங்களுக்குச் சொன்னேன். ஒரு வாசல் உள்ள அறையில் எனக்கு இப்போதும் நித்திரை வராது. வெளிப்பக்கமாக இன்னொரு கதவு வேண்டும். நீங்களே வரைந்து அனுப்பினால் சந்தோஷம்.

ஹாலோவே ஊரைவிட்டுப் போகாத கதையைப் பிரேமிளாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப அப்பா ஏன் போனவர்?" என்று கேட்டாள். அவளுக்கு நீங்களே எழுதுங்கோ.

சிவரூபி

போர்ட்லாந்து
05.11.2023

அன்பின் சிவரூபிக்கு,

இவ்வளவு காலம் பதில் போடாமல் விட்டது பிழை. கதவு வைத்தால் சுவரின் அழகு கெட்டுவிடும் என்று கோபத்தில் இருந்துவிட்டேன்.

போன கிழமை அளக்கப் போன வீட்டில் ஹாலோவேயின் மகளைச் சந்தித்தேன். நல்ல வயதாளி. தகப்பன் கட்டிய வீட்டிலேயே இருக்கிறா. குசினியில் பகலிலும் லைற் எரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அடுப்படியில ஒரு ஜன்னல் வேணுமெண்டு அம்மா கேட்டவா. வெளியிலயிருந்து பார்க்கச் சுவர் குலைஞ்சுபோகுமெண்டு அப்பா மறுத்திட்டார். சாகும்வரைக்கும் அவா லைற் போட்டுத்தான் சமைச்சவா."

பிறகு, "மழை சொல்லுறது அவருக்கு விளங்கும். அம்மா சொன்னது விளங்கேல்லை" என்றா.

அவருடைய வேலையை இன்னும் மதிக்கிறேன். ஆனால் அன்று அதற்குமேல் அளக்க மனம் வரவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லா அறைக்கும் இரண்டாவது கதவு வைத்துத் திரும்ப வரைந்திருக்கிறேன். பிரேமிளாவுக்குத் தனியாக ஒரு கடிதமும் உள்ளே இருக்கிறது. சித்திரைக்கு வரலாமோ என்று யோசிக்கிறேன்.

பிரதீபன்

முள்ளியவளை
18.12.2023

பிரேமிளாவின் அப்பாவுக்கு,

புதுப் படம் கிடைத்தது. நாங்கள் ஆவணியிலேயே குடிபுகுந்துவிட்டோம். மாரிக்கு முன் கூரை போடவேண்டும் என்று ரூபன் அண்ணை அவசரப்படுத்தினார். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கதவுகளை எங்கே வைப்பதென்று நானே நின்று காட்டினேன். கோணலோ தெரியாது. நித்திரை வருகிறது.

தாழ்வாரம் நீங்கள் வரைந்தபடியேதான். இந்த மாரிக்கு ஒரு துளியும் உள்ளே வரவில்லை. அந்த மனிதரிடம் நீங்கள் படித்தது வீண்போகவில்லை.

பிரேமிளா உங்கள் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. இரண்டு தரம் வாசித்ததைக் கண்டேன். உங்களுக்கென்று வரைந்த அறையை அவள் எடுத்துக்கொண்டாள். நீங்கள் வந்தால் எங்கே படுப்பதென்று யோசிக்காமலே கட்டிவிட்டோம்.

வருவதென்றால் திகதியை எழுதுங்கோ. யோசிக்கிறோம்.

சிவரூபி