உன் கிட்னி உன்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் பக்கத்திலேயே கிடக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, துவைத்த துணி உடுத்திச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். முதல் வேலையாக அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு ஆஸ்பத்திரியில் நீ வாங்கி வைத்திருக்கும் நேரத்தை ரத்து செய். எனக்கு உன் கிட்னி வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் வேலை பார்க்கின்றன, என் வயதுக்குக் கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். இதைப் போனில் சொன்னால் நடுநடுவே புகுந்து பேசுவாய் என்றுதான் கடிதம். முழுதாகப் படி.

நடந்தது இதுதான். வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் இந்தத் தடவை கிட்னிக்கு நேரே ஐம்பத்தெட்டு என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்து, லேசான குறைவு என்று எழுதியிருந்தார்கள். டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் இருந்தது. உன் அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, அதுவரை கை சும்மா இருக்குமா. நூறிலிருந்து கழித்து, நாற்பத்திரண்டு போய்விட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பாஸ் மார்க் வாங்கிவிட்டேனே என்றேன், முறைத்தார். அன்றே உப்பு ஜாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு நாங்கள் சாப்பிட்டது சாப்பாடு இல்லை, சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருந்தது. சரி, அவர்தான் அப்படி என்றால் நான் மட்டும் லேசுப்பட்டவளா. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் சுத்தம் செய்யும் நிலையத்தில் வடிகட்டித் தொட்டியைக் கட்டி மேய்த்தவள். தொட்டி மந்தமானால் என்ன செய்வோம் தெரியுமா, அடியிலிருந்து வேகமாகத் தண்ணீரை மேலே ஏற்றி மணலைக் கழுவுவோம். அழுக்கெல்லாம் மிதந்து வழிந்து போகும், இருபது நிமிஷத்தில் தொட்டி புதுசு. கிட்னியும் வடிகட்டிதானே என்று ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். பாட்டில்களை வரிசையாக வைத்து, காலி ஆன நேரத்தைக்கூட ஒரு நோட்டில் எழுதினேன். பாதி நாள் பாத்ரூமிலேயே குடித்தனம். ஆனால் உள்ளே எல்லாம் பளபளவென்று ஆகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

ஆறாவது நாள் காலை காய்கறிக் கடையில் தலை கிறுகிறுத்தது. உருளைக்கிழங்கு என்று எடைக்கல்லை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கிறேன், கடைக்காரர் திருப்பிக் கேட்டதற்கு அழுகல் கிழங்கு வேண்டாம் என்று அவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். அப்படியே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேனாம். பாவம் அந்த மனுஷன், கடையைப் பாதியில் சாத்திவிட்டு என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரத்தத்தில் உப்பு இறங்கிப்போயிருந்தது. டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். அப்பா பூட்டிய ஜாடியையும் நான் குடித்த தண்ணீரையும் பற்றிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கிட்னி பரவாயில்லம்மா. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்த வைத்தியம்தான் உங்களைப் படுக்க வெச்சிருக்கு" என்றாள். வயதானால் இந்த எண் கொஞ்சம் இறங்குவது உண்டாம், சிறுநீரில் புரதம் போகவில்லையாம், ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதுமாம்.

இதற்குள் உன் அப்பா உனக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் கிட்னி நாற்பத்திரண்டு சதவீதம் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. கேட்கிறவன் பதறாமல் என்ன செய்வான். நீ அனுப்பிய பதிலை அவர் என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "என் ரத்த வகையும் அம்மாவுடையதும் ஒன்றுதான், பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன், பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயசில் அக்கா பங்கு கேட்டுவிடக் கூடாதே என்று பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள அத்தனையையும் நக்கி வைத்தவன் நீ. அப்புறம் அழுதேன். நர்ஸ் ஓடி வந்து ஊசி வலிக்கிறதா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அந்த டாக்டர் பெண் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்று கூசாமல் புளுகினேன். முழங்கால் வலிக்கு நான்கு வருஷமாகக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கி விழுங்குகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. கிட்னிக்கு அதுதான் ஆகாது என்று அவள் சொன்ன பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதை விட்டால் இந்த மூன்று மாடியை எப்படி ஏறி இறங்குவேன்? இறங்காவிட்டால் நாள் பூராவும் உன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கிட்னியை நினைத்து நான் பயப்படவே இல்லை. வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவேனோ என்றுதான் பயந்தேன். ஆனால் பெற்ற பிள்ளை ஒரு கிட்னியையே தூக்கிக் கொடுக்கத் தயாராக நிற்கிறான், நான் ஒரு மாத்திரையை விடமாட்டேன் என்கிறேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நேற்று நானே போய் அவளிடம் சொன்னேன். திட்டவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, காலுக்குப் பயிற்சியும் தடவ ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்து மாடி ஏற இருபது நிமிஷம் ஆனது. நான் விழுந்தால் பிடிக்கிறேன் என்று உன் அப்பா பின்னாலேயே ஏறினார். நான் விழுந்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அள்ளியிருப்பார்கள். வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இன்றைக்கும் இறங்கினேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். தலைவலிக்கு எல்லாம் மாத்திரையைத் தேடாதே. ஆஸ்பத்திரிக்கு மறக்காமல் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் வயிற்றுக்குள் இருக்கிற இரண்டையும் உனக்குக் கொடுத்தவள் நான். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
மூன்று மாடி ஏறி வந்து உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா