குற்றவியல் படிப்புக்குக் காலேஜ் பார்த்தது

மே 12, திங்கள்

எட்டு மணிக்கே தார் உருகுற வெயில். சந்தை பந்தோபஸ்து. ஷூவுக்குள்ள கால் வெந்துபோச்சு.

மக கிருத்திகா பிளஸ் டூ பாஸ். பி.எஸ்சி. குற்றவியலும் காவல் அறிவியலும் படிக்கணுமாம். நான் இருபது வருஷமா போலீஸ், இப்ப ஏட்டு. இதுல அறிவியல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. அவகிட்டயே சொன்னேன். சிரிக்கல.

நாலு காலேஜ் நோட்டீஸ். எல்லாத்துலயும் ஒரே படம்: பூதக்கண்ணாடி, கைரேகை, வெள்ளைக் கோட்டுப் பொண்ணு. எங்க ஸ்டேஷன்ல ஸ்டேப்ளர் பின்கூட என் கைக்காசுல நான் வாங்கறது.

அவங்கப்பா: "சங்ககிரிப் பக்கம் காலேஜுன்னா பஸ்ஸு ஊட்டு வாசலுக்கே வருதாமா." போர் போடற ரிக் வண்டி ஆபீஸ்ல மேனேஜர். படிப்பையும் வண்டி வரத்தை வெச்சுத்தான் பார்ப்பார்.

மே 14, புதன்

லீவு போட்டுட்டு மூணு பேரும் அந்தக் காலேஜுக்கு.

'குற்றம் நடந்த இடம்'னு ஒரு ரூம். ரப்பர் பொம்மை, சிவப்பு பெயிண்ட், கத்தி. செத்த பொம்மைக்குப் புதுச் செருப்பு.

அட்மிஷன் ஆளு: "முடிச்சா நேரா எஸ்.ஐ.தானுங்க மேடம்." பரீட்சை யார் எழுதறது, ஓட்டம் யார் ஓடறதுன்னேன். "கோச்சிங் இருக்குதுங்க."

அப்பறம் கௌரவப் பேராசிரியர்னு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. என் பழைய இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆகி, தலைக்கு மை. போலீஸ் நெறிமுறைப் பாடம் எடுக்கறாராம்.

எந்திரிச்சு விறைப்பா நின்னுட்டேன். கலர் சேலையில. கால் தானா ஒட்டிக்கிச்சு.

"அட, நம்ம ரைட்டரம்மா. உக்காரும்மா." கிருத்திகா பக்கம் திரும்பி, "நான் சொன்னதை உங்கம்மா அப்படியே எழுதும். ஒரு எழுத்து மாத்தாது."

"எல்லாம் அய்யா ஆசீர்வாதமுங்க." நாந்தான் சொன்னேன். இந்த வாய்தான்.

திரும்பி வர்ற பஸ்ஸுல கிருத்திகா, "ஏம்மா எந்திரிச்ச?"

"மரியாதைக்கு."

"உனக்கு அந்தாளைப் புடிக்காது. மூஞ்சியிலயே தெரிஞ்சுது."

மே 15, வியாழன்

சோறு போடறப்ப கிருத்திகாகிட்ட சொல்லிட்டேன். நான் ஸ்டேஷன்ல புகார் எழுதற ரைட்டரா இருந்தப்ப தறிக்கொட்டாய் ஓனர் மேல புகார் கொடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. கழுத்தெல்லாம் நகக்கீறல். பொழுது சாயற வரைக்கும் அதைப் பெஞ்சுல உக்கார வெச்சிருந்தார் அந்த இன்ஸ். அப்பறம், "சமாதானமாப் போறோம், மேல் நடவடிக்கை வேண்டாம்னு எழுதும்மா."

எழுதினேன். கைநாட்டு வாங்கினதும் நானே.

"அந்தக்காவுக்குப் படிச்சுக் காட்டுனியா?"

"இல்ல."

தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா தேவலை.

நெறிமுறைப் பாடமாம். அவர் நடத்த, நாங்க ஃபீஸ் கட்டிக் கேக்கணும். தூ.

மே 19, திங்கள்

கிருத்திகாவுக்குப் படிப்பு அதேதானாம். காலேஜ் மட்டும் வேற, கோயமுத்தூர், ஹாஸ்டல். பஸ் வாசலுக்கு வராதேன்னு அவங்கப்பாவுக்கு ஒரே வருத்தம். மனுசன்.

"சேர்க்கறதுக்கு நானும் வாரேன் சாமி"ன்னேன்.

"அப்பா வந்தாப் போதும்."

மே 21, புதன்

காலையில டூட்டி. தூறல்.

சாயங்காலம் ரெண்டு பேரும் அட்மிஷன் போட்டுட்டு வந்தாங்க. அவ குளிக்கப் போனதும் ஃபைலைப் பிரிச்சேன். விண்ணப்ப நகல். அப்பா தொழில்: மேனேஜர். அம்மா தொழில்: இல்லத்தரசி. அவ கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

அவங்கப்பாகிட்ட நீட்டினேன். சட்டையைக் கழட்டிக்கிட்டே, "பக்கத்துலதான் இருந்தேன்"ன்னார். "அவ எழுதறதைப் பார்த்தேன். ஒண்ணும் சொல்லலை."